ஸ்வார்ட்காப்பில் அண்ணனோடு ஒரு முற்பகல்

லாடியத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்வார்ட்காப் விமானப்படைத் தளம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அறுபது ஆண்டுகளாக அதன் பக்கத்திலேயே வாழ்ந்துவந்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் தளத்தில் உள்ள தென்னாப்பிரிக்க விமானப்படை அருங்காட்சியகத்துக்குள் கடந்த சனிக்கிழமைதான் முதன்முறையாகக் காலடி வைத்தேன். என்னோடு என் அண்ணனும், பதினொரு வயதுப் பேத்தியும் வந்தார்கள். பள்ளியில் விண்வெளி பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதற்காக ஓர் உண்மையான ராக்கெட்டைப் பார்க்க வேண்டும் என்று பேத்தி கேட்டதுதான் பயணத்துக்குக் காரணம். அண்ணனை வற்புறுத்தி அழைத்தவளும் அவளே. 73 வயதாகும் அவர், வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

அதற்கொரு பின்னணி உண்டு. நாங்கள் பிறந்தது பிரிட்டோரியாவின் மராபாஸ்டாட் பகுதியில், மாரியம்மன் கோயிலின் மணியோசை கேட்கும் தொலைவில். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி இந்தியர்களை அங்கிருந்து கிளப்பி, நகரத்துக்கு வெளியே லாடியத்தில் குடியமர்த்தியபோது நான் சிறுமி, அண்ணன் பள்ளிப் படிப்பின் நடுவில் இருந்தார். கோயில் அங்கேயே நின்றுவிட்டது, நாங்கள் மட்டும் இங்கே வந்தோம். மரமில்லாத செம்மண் தெருக்கள், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள், தலைக்கு மேல் நாள்தோறும் விமானங்கள். அண்ணனுக்கு மட்டும் அந்தப் புதிய இடம் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த விமானங்களே. வாசலில் நின்று முகத்தை நிமிர்த்தாமலே, ஒலியை வைத்து ‘இது டக்கோட்டா, இது அலுவெட் ஹெலிகாப்டர், இது ஹார்வர்ட்’ என்று சொல்லுவார். அம்மா பள்ளிப் பாடங்களுக்கென்று வாங்கித் தந்த நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று பறந்த விமானங்களின் கணக்கை எழுதிவைத்திருந்தார்.

பள்ளி முடித்த ஆண்டில், விமான எஞ்சின் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள இடம் கேட்டு ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். விமானியாக வேண்டுமென்று கேட்கவில்லை, அது நடக்காது என்பது அவருக்கே தெரியும். இரண்டு வாரங்களில் வந்த பதில் இரண்டே வரிகள் கொண்டது: இந்த இடங்கள் ஐரோப்பியருக்கு மட்டும். அந்தக் கடிதத்தை அப்பா மடித்து, வீட்டுப் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியில் வைத்தார். அண்ணன் அடுத்த மாதமே ஒரு மோட்டார் கராஜில் வேலைக்குச் சேர்ந்தார், 41 ஆண்டுகள் கார் எஞ்சின்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றார். விமானங்களைப் பற்றி அதன் பிறகு அவர் பேசி நான் கேட்டதில்லை.

அருங்காட்சியகம் 1973இல் தொடங்கப்பட்டது. ஆனால் அது இருக்கும் தளம் விமானப்படையின் வயதுக்குக் கிட்டத்தட்ட நிகரானது. 1920 பிப்ரவரி 1ஆம் தேதி உருவான இந்தப் படை, முதல் உலகப் போர் முடிந்து பிரிட்டன் கொடுத்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களைக் கொண்டு இந்தப் பகுதியில்தான் தன் வாழ்வைத் தொடங்கியது. பெரிய பெரிய விமானக் கொட்டகைகள், அவற்றின் கதவுகளைத் தாண்டியதும் எண்ணெயும் பழைய துணியும் தகரமும் கலந்த ஒரு மணம், வெளியே வெயிலில் வரிசையாக நிற்கும் போர் விமானங்கள். பேத்தி ராக்கெட்டைத் தேடி முன்னால் ஓடினாள். நாங்கள் இருவரும் மெல்ல நடந்தோம்.

படையின் முதல் தலைவர் பியர் வான் ரைனவெல்டின் கதையை நான் பேத்திக்குச் சொன்னேன், ஏனென்றால் இயற்பியல் ஆசிரியையாக இருந்த காலத்தில் வகுப்பில் பலமுறை சொன்ன கதை அது. அவரும் குவின்டின் பிராண்டும் 1920 பிப்ரவரி 4ஆம் தேதி ‘சில்வர் குவீன்’ என்ற விக்கர்ஸ் விமி விமானத்தில் இங்கிலாந்திலிருந்து கேப்டவுனை நோக்கிப் புறப்பட்டார்கள். முதல் விமானம் எகிப்தில் நொறுங்கியது. எஞ்சின்களை மீட்டு இரண்டாவது விமானத்தில் பொருத்திக்கொண்டு புறப்பட்டார்கள், அது புலவாயோவில் மேலெழும்பும்போதே விழுந்தது. கடைசியில் பிரிட்டோரியாவிலிருந்து அனுப்பப்பட்ட டி.எச்.9 விமானம் ஒன்றில் ஏறி, 45ஆம் நாளில், மார்ச் 20ஆம் தேதி கேப்டவுனில் இறங்கினார்கள். புலவாயோவில் என்ன நடந்தது என்பதுதான் மாணவர்களுக்கு நான் விளக்க விரும்பும் இடம். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, நாம் நிற்கும் இந்த மேட்டுநிலம் அதைவிடவும் உயரம். உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், வெயிலில் இன்னும் மெலியும். இறக்கைக்குத் தாங்குவதற்குக் காற்று குறைவு, புரொப்பெல்லருக்குக் கடைவதற்குக் காற்று குறைவு, எஞ்சினுக்கு மூச்சுவிடவும் காற்று குறைவு. மூன்று குறையும் ஒரே நேரத்தில் சேரும்போது, கடற்கரையில் எளிதாக எழும்பும் பாரம் மேட்டுநிலத்தில் எழும்பாது. இன்றைக்கும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புறப்படும் பெரிய விமானங்கள் இதைக் கணக்கில் கொண்டே பாரம் ஏற்றுகின்றன.

ஹார்வர்ட் பயிற்சி விமானம் நின்ற இடத்தில் அண்ணன் நின்றுவிட்டார். தென்னாப்பிரிக்க விமானிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, 1995 வரை, இந்த விமானத்தில்தான் பறக்கக் கற்றார்கள். எங்கள் தலைமுறையில் இதன் ஒலியை அறியாதவர் இருக்க முடியாது: தூரத்தில் முரட்டுத் துணியைக் கிழிப்பதுபோலத் தொடங்கி, தலைக்கு மேல் வரும்போது காதை அடைக்கும். எஞ்சின் சுற்றும் அதே வேகத்தில் புரொப்பெல்லரும் சுற்றுவதால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குகிறது, அந்த அலறல் எஞ்சினுடையதன்று, இறகு நுனியுடையது. இதை எனக்கு அன்று அண்ணன்தான் சொன்னார். அவ்வளவு ஆண்டுகளாக நான் அதை எஞ்சினின் ஒலி என்றே எண்ணியிருந்தேன்.

விமானத்தின் பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த நீல மேலங்கியோடு ஒரு தன்னார்வலர் வேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளையர், அண்ணனின் வயதுதான் இருக்கும். எஞ்சினின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார், கீழே ஒரு தட்டில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தத் தட்டைக் குனிந்து பார்த்து, அதில் விரலை வைத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். அது கராஜில் அவர் ஆயிரம் முறை செய்த செயல். பிறகு நிமிர்ந்து ஆப்பிரிக்கான்ஸ் மொழியில், ‘கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்குகிறதா?’ என்று கேட்டார். அந்த மனிதர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ‘வாருங்கள், மெனீர் (ஐயா)’ என்று தடுப்புக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

அடுத்த முக்கால் மணி நேரம் நானும் பேத்தியும் பார்வையாளர்கள். நட்சத்திர வடிவில் ஒன்பது சிலிண்டர்கள், நடுவில் ஒரே கிராங்க், ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் குளிர்விப்பதற்கான மெல்லிய தகடுகள் சீப்புப் பற்களைப்போல நெருக்கமாக. பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் வாஸ்ப் எஞ்சின், 600 குதிரைத்திறன். எஞ்சின் நின்ற பிறகு எண்ணெய் தானாகக் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் கசிந்து இறங்கிவிடும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அதை அறியாமல் எஞ்சினைக் கிளப்பினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அதனால்தான் கிளப்பும் முன் புரொப்பெல்லரைக் கையால் சில சுற்று சுற்றிப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் அந்த இருவரும் பேசிக்கொண்டதிலிருந்து நான் பொறுக்கிக்கொண்டவை.

ஏன் ஒன்பது, ஏன் எட்டு அல்லது பத்து இல்லை என்று கேட்டாள் பேத்தி. அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு கடை ரசீதின் பின்புறத்தில் வட்டம் போட்டு, கடிகாரத்தைப்போல ஒன்று முதல் ஒன்பது வரை எழுதினார். இந்த வகை எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அந்த இரண்டு சுற்றுக்குள் ஒன்பதும் சீரான இடைவெளியில் வெடிக்க வேண்டுமானால், ஒன்று விட்டு ஒன்றாக வெடிக்க வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பிறகு ஒன்றைத் தாண்டி இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, மீண்டும் ஒன்று. இடையில் எங்கும் தடுமாற்றம் இல்லை. எட்டுச் சிலிண்டர் இருந்தால் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று போய் மறுபடியும் ஒன்றிலேயே வந்து நிற்கும், இரட்டை எண்களுக்கு முறையே வராது. அதனால்தான் ஒரு வரிசையில் எப்போதும் ஒற்றைப்படை. டக்கோட்டாவின் எஞ்சினில் பதினான்கு இருக்கிறதே என்று நான் கேட்டேன். ‘ஏழும் ஏழும், இரண்டு வரிசை’ என்றார் அண்ணன், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. நாற்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்திருக்கிறேன். அதைவிடத் தெளிவாக எதையும் நான் விளக்கியதாக நினைவில்லை.

பிறகு அந்தத் தன்னார்வலர் அண்ணனைப் புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகள் கழற்றியிருந்தன, ஆபத்தில்லை. அண்ணன் இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, இறகைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல இழுத்தார். உள்ளே ஏதோ பெருமூச்சு விடுவதுபோல ஒலித்தது. நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் பேத்தியின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000ஆம் ஆண்டு இதே தளத்தில் விழுந்து நொறுங்கிய அந்த விமானத்துக்கு மீண்டும் உயிர்கொடுக்கத் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துவருகிறார்கள். ஸ்பிட்ஃபயர் என்றதும் இந்த நாட்டில் நினைவுக்கு வருபவர் ‘செய்லர்’ மலான், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வானைக் காத்த சண்டையில் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்க விமானி. எனக்கு அவர் முக்கியமாவது வேறொன்றுக்காக. போர் முடிந்து ஊர் திரும்பியவர், 1951இல் கலப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்க அரசு முயன்றபோது, பழைய போர்வீரர்களைத் திரட்டிய டார்ச் கமாண்டோ இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஃபாசிசத்தை வானில் எதிர்த்தவர் தரையிலும் எதிர்த்தார் என்பதைப் பேத்திக்குச் சொன்னேன்.

பூமா ஹெலிகாப்டரின் அருகில் சற்று நீண்ட நேரம் நின்றோம். அகலமான கதவும், அதன் மேலே ஆளைத் தூக்கும் கம்பிச் சுருளும் இருந்தன. 1991 ஆகஸ்டில் ஓஷியானோஸ் என்ற பயணக் கப்பல் டிரான்ஸ்கை கடற்கரைக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் மூழ்கியபோது, இப்படிப்பட்ட பூமாக்கள்தான் சாய்ந்துகொண்டிருந்த மேல்தளத்திலிருந்து மனிதர்களை ஒவ்வொருவராகத் தூக்கின. சிறு படகுகளும் பக்கத்தில் சென்ற கப்பல்களும் சேர்ந்து உதவ, கப்பலில் இருந்த 571 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. அன்று டர்பனில் இருந்த எங்கள் உறவினர்கள் வானொலியை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததை நான் அறிவேன். இதையெல்லாம் சொல்லி முடித்ததும், ‘அப்படியானால் இது நல்ல ஹெலிகாப்டர்தானே, ஆயா?’ என்றாள் பேத்தி. நமீபியாவிலும் அங்கோலாவிலும் போர் வீரர்களை ஏற்றிப் போனதும் இதே வகை ஹெலிகாப்டர்தான். 1976 ஜூனில் சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனபோது அவர்கள் மீது கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட்டவையும் ஹெலிகாப்டர்களே. இரண்டையும் சொன்னேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது அதிகம் என்று அண்ணன் கண்ணால் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினொரு வயதில் இவை எங்கள் தலைக்கு மேல் பறந்தன, எங்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

அவள் தேடிவந்த ராக்கெட்டைக் கடைசியாகத்தான் சென்றடைந்தோம். அதன் பெயர் ஆர்.எஸ்.ஏ.-3. மூன்று அடுக்குகள் கொண்ட, திட எரிபொருளால் இயங்கும் ராக்கெட். இஸ்ரேலின் தொழில்நுட்பத்தைத் தழுவி, தென்னாப்பிரிக்கா சொந்தமாக ஒரு செயற்கைக்கோளை ஏவுவதற்கென்று 1980களில் உருவாக்கியது. ஆர்னிஸ்டன் ஊருக்கு அருகே, கடலை நோக்கிய ஓவர்பெர்க் சோதனைத் தளத்திலிருந்து 1989 ஜூன், ஜூலை மாதங்களிலும் 1990 நவம்பரிலும் மூன்று முறை சோதித்தார்கள். மூன்றுமே புவியைச் சுற்றாமல் மேலே போய்க் கடலில் விழும் பறப்புகள்.

திட எரிபொருள் என்றால் என்ன என்பதற்குத் தீபாவளி ராக்கெட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அட்டைக் குழாயில் மருந்தை அடைத்து, அடியில் ஒரு துளை விட்டு, திரியில் நெருப்பு வைக்கிறோம். பற்றிய பிறகு நிறுத்த முடியாது, கூட்டவோ குறைக்கவோ முடியாது. பெரிய ராக்கெட்டிலும் அதுவே விதி. மருந்தின் நடுவில் விடும் ஓட்டையின் வடிவத்தைக் கொண்டுதான், எந்த நொடியில் எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். திரவ எரிபொருள் ராக்கெட்டைப்போல ஏவும் முன் மணிக்கணக்கில் நிரப்ப வேண்டியதில்லை, நிரப்பியபடியே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். அதனாலேயே போர்க்களத்து ஏவுகணைகளுக்கு அது ஏற்றது. செயற்கைக்கோளைச் சுமந்து சுற்றுப்பாதைக்குப் போகக்கூடிய ராக்கெட், அதே இடத்தில் குண்டைச் சுமந்து இன்னொரு கண்டத்துக்கும் போகக்கூடியது.

அந்தக் காலத்தில் இந்த நாட்டிடம் அப்படிப்பட்ட குண்டும் இருந்தது. ஆறு அணுகுண்டுகள் செய்து முடிக்கப்பட்டிருந்தன, அவை அனைத்தும் கலைக்கப்பட்டுவிட்டன என்று 1993 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அதிபர் டி கிளர்க் அறிவித்ததை நான் ஆசிரியர் அறையின் வானொலியில் கேட்டேன். யாரும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போனது. அணுகுண்டைத் தானாகவே செய்து, தானாகவே கலைத்த நாடு உலகில் இது ஒன்றுதான். குண்டுகளைத் தொடர்ந்து இந்த ராக்கெட் திட்டமும் கைவிடப்பட்டது.

‘அப்படியானால் இது விண்வெளிக்குப் போகவே இல்லையா?’ என்று கேட்ட பேத்தியின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அதற்குச் சொல்ல என்னிடம் சன்சாட்டின் கதை இருந்தது. ராக்கெட் கைவிடப்பட்ட சில ஆண்டுகளில், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 64 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோளைச் செய்தார்கள். 1999 பிப்ரவரி 23ஆம் தேதி அமெரிக்காவின் டெல்டா ராக்கெட் ஒன்று அதை மேலே கொண்டுசென்றது. இந்த நாட்டில் உருவாகிச் சுற்றுப்பாதைக்குப் போன முதல் செயற்கைக்கோள் அது. தரையைப் படம் எடுத்தது, பொழுதுபோக்கு வானொலிக்காரர்களின் குரலை வாங்கித் திருப்பி அனுப்பியது. பத்து ஆண்டுகள் கழித்து இரண்டாவது செயற்கைக்கோளான சும்பாண்டிலா, வெண்டா மொழியில் ‘வழிகாட்டு’ என்று பொருள்படும் பெயரோடு, ரஷ்ய ராக்கெட்டில் போனது. 2002இல் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனபோது என் வகுப்பறைச் சுவரில் ஒட்டிய செய்தித்தாள் படம் மஞ்சளேறும்வரை அங்கேயே இருந்தது.

இன்னொன்றையும் சொன்னேன். இங்கிருந்து மேற்கே, க்ரூகர்ஸ்டார்ப்புக்கு அப்பால், ஹார்ட்டபீஸ்தூக் பள்ளத்தாக்கில் 26 மீட்டர் அகலமுள்ள ஒரு வானொலித் தட்டு இருக்கிறது. 1961இல் நாசா அதைக் கட்டியது. நிலவுக்கும் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் அனுப்பிய கலங்களின் மெல்லிய குரலை அது கேட்டுக்கொண்டிருந்தது. எங்களை மராபாஸ்டாட்டிலிருந்து கிளப்பிய அதே ஆண்டுகளில் பக்கத்து மலைகளுக்கிடையே அது நடந்துகொண்டிருந்தது. 1975இல் அது நம் நாட்டு அறிவியலாளர்களின் கைக்கு வந்து, இன்றைக்கும் விண்மீன்களைக் கேட்கிறது. அடுத்த விடுமுறையில் அங்கே போகலாம் என்று அண்ணனே சொன்னார்.

கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றை மரநிழலில் சாப்பிட்டோம். ஒரு பொட்டலத்தை அண்ணன் எடுத்துக்கொண்டு போய் அந்தத் தன்னார்வலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். எஞ்சினுக்கு ஆள் பற்றாக்குறை என்றும், சனிக்கிழமைகளில் வர முடியுமா என்று அவர் கேட்டதாகவும் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். ஸ்பேனர்கள் எல்லாம் அங்குல அளவில் வேண்டியிருக்கும், பரணில் தேட வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் பேத்தி பின்னிருக்கையில் அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்காமல் சொல்லிப் பழகினாள். தமிழ் வகுப்பில் எண்களை வரிசையாகவே சொல்லிப் பழகியவளுக்கு ஒன்பதுக்குப் பிறகு நாக்கு பத்துக்கே போனது. ஒவ்வொரு முறையும் அண்ணன் முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே, ‘இரண்டு’ என்றார். லாடியத்தின் முதல் வளைவில் திரும்பும்போது அவள் தடுமாறாமல் சொல்லி முடித்தாள்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு.